ஆய்வகத்தில் வளரும் மனிதத் தசை: ஸ்டெம் செல் ஆய்வு எங்கே நிற்கிறது?

நம் உடலில் 600-க்கும் மேற்பட்ட எலும்புத் தசைகள் உள்ளன. உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் இவைதாம். தொழுகையில் நிற்பதும் குனிவதும் ஸஜ்தாவிலிருந்து எழுவதும் இவற்றின் உதவியால்தான். சிறு காயம் பட்டால் தசை தானாகவே ஆறிவிடுகிறது. தசை நார்களை ஒட்டி உறங்கிக் கிடக்கும் ஒருவகைக் குருத்தணுக்களே (ஸ்டெம் செல்) இதற்குக் காரணம். 1961-ல் அலெக்ஸாண்டர் மாரோ என்ற விஞ்ஞானி இவற்றைக் கண்டறிந்து 'சாட்டிலைட் செல்' என்று பெயரிட்டார்.

ஆறாத தசைகள்

எல்லாச் சேதங்களையும் உடலால் சரிசெய்ய முடிவதில்லை. 'டுஷேன்' எனப்படும் தசைச் சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. தசை நார்களைக் காக்கும் 'டிஸ்ட்ரோபின்' என்ற புரதத்தை இவர்களின் உடல் உருவாக்குவதில்லை. தசைகள் மீண்டும் மீண்டும் சிதைய, பழுது பார்க்கும் செல்களும் ஈடுகொடுக்க முடியாமல் போகின்றன. தரையிலிருந்து எழும்போது தொடைகளில் கைகளை ஊன்றி எழுவது இதன் முக்கிய அறிகுறி. நாளடைவில் நடை நின்று, மூச்சுத் தசைகளும் இதயமும் பலவீனமடைகின்றன.

தோல் செல்லிலிருந்து தசை

2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் சாதாரணச் செல்லைக் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டு மனிதச் செல்லிலும் அது சாத்தியமானது. 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வழியில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நெனாட் பர்சாக் தலைமையிலான குழு 2018-ல் முக்கியமான முடிவை வெளியிட்டது. இவ்வாறு உருவான குருத்தணுக்களில் 'பாக்ஸ்7' என்ற மரபணுவைத் தூண்டி, அவற்றைத் தசையாகும் பாதைக்குத் திருப்பினார்கள். பிறகு கூழ் போன்ற முப்பரிமாண ஊடகத்தில் சில வாரங்கள் வளர்த்தார்கள். உருவான தசை நார்கள் மின்தூண்டலுக்குச் சுருங்கின. எலியின் உடலில் பொருத்தியபோது மூன்று வாரங்கள் உயிரோடு இயங்கின.

ஆனால், இத்தசைக்கு இயற்கைத் தசையின் வலு இல்லை. முழுமையான நரம்பும் ரத்த நாளங்களும் இல்லாததால் தடிமனாக வளர்க்கவும் முடிவதில்லை. இன்றைய உண்மையான பயன் வேறு. நோயாளியின் தோல் அல்லது ரத்தத்திலிருந்து செல் எடுத்தால், அதே மரபணுக் குறையுடைய தசையை வெளியே வளர்க்கலாம். அதன்மீது மருந்துகளைச் சோதிக்கலாம். பலவீனமான பிள்ளையின் உடலிலிருந்து திரும்பத் திரும்பத் தசையை வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

மார்க்கப் பார்வை

கருவிலிருந்து குருத்தணு எடுப்பதில்தான் மார்க்க அறிஞர்களிடையே அதிக விவாதம் உள்ளது. மக்காவில் 2003-ல் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் கவுன்சில், ஒருவரின் சம்மதத்துடன் அவருக்குத் தீங்கின்றி எடுக்கப்படும் செல்களையும், நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி ரத்தம் ஆகியவற்றையும் சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் பயன்படுத்தலாம் என்றது. இதற்கென்றே கருவை உருவாக்குவதையும், காரணமின்றிக் கலைத்த சிசுவிலிருந்து எடுப்பதையும் தடுத்தது. தோல் செல்லிலிருந்து குருத்தணு உருவாக்கும் முறையில் கரு அழிக்கப்படுவதில்லை.

பெற்றோர் கவனத்திற்கு

"ஸ்டெம் செல் ஊசியால் தசை நோய் குணமாகும்" என்ற விளம்பரங்களை நம்பி நகையையும் நிலத்தையும் விற்பவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே வழங்கக் கூடாது. தசை நோய்க்கென்று யாரேனும் பெருந்தொகை கேட்டால், எந்த அனுமதியின் கீழ் நடக்கும் ஆய்வு, அதன் பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவர் பரிந்துரைக்கும் ஸ்டீராய்டு மருந்து, பிசியோதெரபி, இதயம் மற்றும் நுரையீரல் பரிசோதனை ஆகியவற்றை இடையில் நிறுத்த வேண்டாம்.

நோயைத் தந்த இறைவன் அதற்கான நிவாரணத்தையும் வைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அதைத் தேடும் பணி ஆய்வகங்களில் நடக்கிறது. அது கைக்கு வரும்வரை பிள்ளையின் உடல்நலனையும் குடும்பத்தின் பொருளையும் காப்பது நம் பொறுப்பு.