தூண்களுக்கு ஓர் இரங்கல்

நெதர்லாந்தின் 'வெர்ஸோய்லிங்' காலமாகி அரை நூற்றாண்டு ஆகிறது. டச்சு மொழியில் 'ஸோய்ல்' என்றால் தூண். முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்தால், சமூகம் தூண் தூணாகப் பிரிந்து நிற்பது என்று பொருள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், சோசலிஸ்ட், இவற்றில் சேராத தாராளவாதிகள் எனத் தனித்தனித் தூண்கள். எல்லாம் சேர்ந்து தேசம் என்ற கூரையைத் தாங்குகின்றனவாம். பெயர் வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். சுவர் என்றிருந்தால் யார் பெருமைப்பட்டிருப்பார்கள்?

1950களில் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைக்குக் கத்தோலிக்கப் பள்ளி. வீட்டுக்கு வரும் பேப்பர் 'டி ஃபோல்க்ஸ்க்ராண்ட்', வானொலியில் கேஆர்ஓ, அப்பாவின் ஓட்டு கேவிபி கட்சிக்கு. மேற்படிப்புக்கு நைமேகன் பல்கலைக்கழகம். எதிர்வீட்டுப் புராட்டஸ்டன்ட் பிள்ளைக்கு 'ட்ரௌ' பத்திரிகை, என்சிஆர்வி வானொலி, ஆபிரகாம் கைப்பர் 1880இல் ஆம்ஸ்டர்டாமில் நிறுவிய பல்கலைக்கழகம். ஆடு வளர்ப்பவர்களுக்குக்கூடத் தனிக் கத்தோலிக்கச் சங்கம் இருந்தது. ஆடுகள் எந்தச் சபை என்று யாரும் விசாரிக்கவில்லை. கலப்பு மணமா? இரண்டு மதம் ஒரே தலையணையில் படுத்தால் நடுவில் பிசாசு தூங்கும் என்பது அவர்கள் பழமொழி.

இதற்கு அஸ்திவாரம் போட்டது 1917இல் ஏற்பட்ட சமரசம்: அரசுப் பள்ளிக்கும் மதப் பள்ளிக்கும் சமமான அரசுப் பணம். அடிதடி இல்லாமல் வாழ்ந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் 1954இல் கத்தோலிக்க ஆயர்கள் ஓர் ஆணை போட்டார்கள். சோசலிஸ்ட் வானொலியான வாராவைக் கேட்கக் கூடாது; சோசலிஸ்ட் தொழிற்சங்கத்தில் சேர்ந்தவருக்குத் திருவருட்சாதனங்கள் கிடையாது; மனம் திருந்தாமல் செத்தால் கோயில் அடக்கமும் கிடையாது. கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் சேர்ந்த ஒரு தொழிலாளியின் சவப்பெட்டிவரை நீண்ட கை அது. 1965இல்தான் ஆணையை விலக்கிக்கொண்டார்கள்.

தூண்களின் சாவுக்குக் காரணங்கள் பல: கையில் புழங்கிய காசு, இரண்டாம் வத்திக்கான் சங்கம், அறுபதுகளின் இளைஞர்கள். என் சந்தேகம் தொலைக்காட்சிப் பெட்டி மேல்தான் அதிகம். 1964 வரை ஒரே அலைவரிசை. நேரத்தைத் தூண்கள் பங்குபோட்டுக்கொண்டன. வானொலியில் நிலையத்தைத் திருப்பிவிடலாம். தொலைக்காட்சியில் அடுத்தவன் நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும், இல்லையேல் அணைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பெட்டியை யார் அணைப்பார்கள்? பாதிரியார் எச்சரித்த ஆட்கள் கூடத்துக்கே வந்து பேசினார்கள். கொம்பு முளைத்தவர்களாகத் தெரியவில்லை.

1967 தேர்தலில் கேவிபி 50 இடத்திலிருந்து 42க்கு இறங்கியது. 1980இல் அதுவும் இரண்டு புராட்டஸ்டன்ட் கட்சிகளும் ஒரே கட்சியாகக் கரைந்தன. எனக்குக் கண்ணீர் வரவில்லை. கேஆர்ஓவும் என்சிஆர்வியும் 2014இல் ஒன்றாக இணைந்தன. மதப் பள்ளிகள் மட்டும் இன்றும் அரசுப் பணத்தில் நடக்கின்றன.