யோசிக்கத் தெரிந்த எதிரி

ரோல்பிளே விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வந்தபோது எதிரிக்குப் பெரிதாக மூளை தேவைப்படவில்லை. ஓர்க் வந்தால் வெட்டு, புதையலை எடு. அவ்வளவுதான்.

1978-ல் கேரி கைகாக்ஸ் பாதாளத்தில் வாழும் ட்ரௌ எல்ஃப்களை இறக்கினார். அவர்களுக்கு நகரம் உண்டு, வணிகக் குழுக்கள் உண்டு, பிரபுக் குடும்பங்களுக்குள் பகை உண்டு, லோல்த் என்ற சிலந்தித் தெய்வமும் உண்டு. பேரம் பேசவும் சதி செய்யவும் தெரிந்த எதிரி. விளையாட்டு சூடுபிடித்தது.

ஆனால் சதி செய்யத் தெரிந்தவனுக்கு மனம் மாறவும் தெரியும்தானே? 1988-ல் வந்த ஆர்.ஏ. சால்வடோரின் நாவலில் ட்ரிஸ்ட் என்ற ட்ரௌ, நாயகர்களின் பக்கம் நின்றான். பிறப்பிலேயே தீயவர்கள் என்ற விதி ஆட்டம் கண்டது. 2020-ல் விளையாட்டை வெளியிடும் நிறுவனமே, ஓர்க்குகளையும் ட்ரௌக்களையும் மற்ற இனங்களைப் போலவே நல்லதும் கெட்டதும் கலந்தவர்களாகக் காட்டுவோம் என்றது.

எதிரிக்கு அறிவைக் கொடுத்தால் தேர்வையும் கொடுத்தாக வேண்டும். அதன்பிறகு, வாளை உருவும் முன் அவன் யார் என்பதைவிட என்ன செய்தான் என்றுதான் கேட்க முடியும்.