காலுக்குள் ஒரு மாற்றுவழி

சர்க்கரை நோயால் கால்விரல் கறுத்துப்போன பெரியவர் ஒருவரை மருத்துவமனையில் காணச் சென்றிருந்தோம். "அடைபட்ட இரத்தக் குழாய்க்கு மாற்றுவழி போடுவார்களாம், சாமி. தொடை நரம்பை எடுத்து வைப்பதா, செயற்கைக் குழாய் வைப்பதா என்று பேசிக்கொள்கிறார்கள். புதுப்பொருள்தானே நல்லது?" என்று வினவினார். காலை இழப்பதா, காப்பதா என்னும் கேள்வி அதற்குள் அடங்கியிருந்ததால் உடனே விடையிறுக்க நா எழவில்லை. வீடு திரும்பி அதன் வரலாற்றைப் புரட்டினோம்.

லூர்து திருத்தலத்தோடு இணைத்தே நம்மவர் அறிந்திருக்கும் அலெக்சிஸ் காரல், லியோன் நகரப் பூத்தையல் பெண்மணி ஒருவரிடம் நுண்தையல் பயின்றவர். 1894-இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோ கத்திக்குத்தில் நாளம் அறுபட்டு இறந்தபோது, அறுந்த நாளத்தைத் தைக்கும் திறன் எவரிடமும் இல்லை. அத்திறனை வகுத்தளித்த காரலுக்கு 1912-இல் நோபல் பரிசு கிட்டியது.

ஆயினும் கால் அடைப்புக்கு வழி பிறக்க 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு பாரிசில் ழான் குன்லின், அழுகத் தொடங்கிய காலோடு வந்த ஒருவருக்கு, அவரது சொந்தச் சிரையையே எடுத்து அடைப்புக்கு மேலும் கீழும் தமனியின் பக்கவாட்டில் இணைத்தார். சிரையினுள் குருதியை ஒரே திசையில் விடும் சிறு கதவுகள் உண்டு. ஆகவே அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். எவ்வளவு எளிய யோசனை! ஆனால் அதுவரை யாரும் அவ்வாறு செய்து காட்டியதில்லை.

பின்னர் துணியின் காலம் வந்தது. நாயின் இதயத்தினுள் விடுபட்ட பட்டுநூல்மேல் திசு பளபளவெனப் படர்ந்திருக்கக் கண்ட ஆர்தர் வூர்ஹீஸ், 1952-இல் வின்யான் துணிக்குழாய்களின் பயனை வெளியிட்டார். ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி நைலான் வாங்கக் கடைக்குப் போய், அது தீர்ந்துபோயிருக்க டேக்ரானை வாங்கிவந்து, தம் துணைவியாரின் தையல் இயந்திரத்திலேயே குழாய் தைத்தார். 1970-களில் விரித்த டெஃப்லான் குழாயும் சேர்ந்தது.

வயிற்றுப் பெருந்தமனியில் டேக்ரான் நெடுங்காலம் உழைக்கிறது. அங்கே குழாய் அகலம், ஓட்டம் வேகம். முழங்காலுக்குக் கீழோ குழாய் குறுகியது, ஓட்டம் மெதுவானது, மூட்டும் மடங்குகிறது. அங்கே செயற்கைக் குழாய் விரைவில் உறைந்து அடைபடும். கிருமி தொற்றினாலோ அதை அகற்றுவதே பெரும்பாடு. முழங்காலுக்கு மேல் மட்டுமானால் அது ஓரளவு ஈடுகொடுக்கும். 2022-இல் வெளியான 1,830 நோயாளர் ஆய்விலும், நல்ல சொந்தச் சிரை உள்ளவர்களுக்கு, குழாய்க்குள் பலூன் செலுத்தும் முறையைவிட அறுவையே மேலான பலன் தந்தது. நல்ல சிரை இல்லாதவர்களிடம் அவ்வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை.

மறுநாள் பெரியவரிடம், "உங்கள் நரம்பு தகுந்ததாக உள்ளதா என ஸ்கேனில் அளந்து பார்த்தார்களா என்று மருத்துவரையே கேளுங்கள்" என்றோம். கேட்டார். இடக்கால் நரம்பு பல ஆண்டுகளுக்கு முன்பே இதய அறுவைக்குப் போய்விட்டிருந்தது. வலக்காலில் இன்னும் இருந்தது.