மலைக்காய்க்குத் துறைமுகத்தின் பெயர்

தேனி மாவட்டம் தேவாரத்தில் விடியுமுன்னே ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறிவிடும். இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களில் நம் பெண்கள் குத்துக்காலிட்டு, தூரடியில் விரல் விட்டு, விளைந்த காயாகப் பார்த்துக் கிள்ளி எடுக்கிறார்கள். ஸ்டோரில் உலர்ந்து, போடிக்கு ஏலத்துக்கு இறங்கும்போது அந்தக் காய்க்குப் பெயர் ‘ஆலப்பி கிரீன்’. தேவாரமும் இல்லை, போடியும் இல்லை, இடுக்கிகூட இல்லை.

திருவிதாங்கூர் மன்னராட்சியில் ஏலக்காய் வியாபாரம் அரசின் ஏகபோகம். மலையில் விளைந்ததெல்லாம் ஆலப்பி என்கிற ஆலப்புழைக்கு இறங்கி, அங்கே தரம் பிரித்து விற்கப்பட்டுக் கப்பல் ஏறியது. வாங்கியவர்களுக்குத் தெரிந்தது துறைமுகம்தான். பிறகு வந்த அக்மார்க் தரவரிசையும் அதே பெயரை எடுத்துக்கொண்டது. 7 மில்லிமீட்டருக்குக் குறையாத காய் ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’.

இப்படி ஊர்ப்பெயரில் ஓடும் சரக்குக்கு இந்தியாவில் நெடுங்காலம் தனிச்சட்டம் கிடையாது. டிரேட்மார்க் ஒரு கம்பெனியின் சொத்து. ஊர்ப்பெயர் அங்கே விளைவிக்கிற எல்லாருக்கும் பொது. ஊர்ப்பெயர்களுக்கும் பாதுகாப்புத் தரச் சொல்லும் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் 1995இல் அமலுக்கு வந்தது. 1997இல் அமெரிக்காவின் ரைஸ்டெக் நிறுவனம் பாசுமதி அரிசி வகைகளுக்குக் காப்புரிமை பெற்றதும் இங்கே பதறினார்கள். 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னை கிண்டியில். முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலை. நறுமணப் பொருள் வாரியம் விண்ணப்பித்து, 2007-08இல் ஆலப்பி பச்சை ஏலக்காயும் பதிவேறியது.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 24ஆம் பிரிவு. பதிவான பெயரை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, உரிமம் கொடுத்துக் கைமாற்றவும் முடியாது. எவ்வளவு பெரிய பணக்காரனும் அதை மொத்தமாக வளைத்துப் போட வழியில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பொய்யாக ஒட்டி விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம்.

ஆனால் இந்தக் காவல் நம் நாட்டு எல்லையோடு சரி. ஏற்றுமதியில் நம்மை முந்தி நிற்கும் குவாத்தமாலா காயோடு வெளிநாட்டுச் சந்தையில் பெயருக்காக மல்லுக்கட்ட வேண்டுமென்றால், அந்தந்த நாட்டுச் சட்டப்படி பாதுகாப்புத் தேட வேண்டும்.

2023இல் நம் பள்ளத்தாக்கின் பெயரே பதிவேறியது: கம்பம் பன்னீர் திராட்சை. ஊரே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். அதோடு வேலை முடியவில்லை. பெயர் பதிவானதாலேயே கொடி வளர்ப்பவருக்கு முழு உரிமை வந்துவிடாது. ஒவ்வொரு விவசாயியும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தன் பெயரைத் தனியாகப் பதிய வேண்டும். போலிச் சரக்கின்மேல் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி வழக்குத் தொடுக்கும் உரிமை அவருக்கு அப்போதுதான் கிடைக்கும். ஏலக்காய்க்கும் இதே விதிதான். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் இதை எடுத்துச் சொல்லி, விண்ணப்பம் எழுதிக்கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் வேண்டும்.