காலகட்டப் பெயர்களும் இணைய வரலாறும்

வரலாற்றைக் காலகட்டங்களாக வகுத்துப் பெயரிடுதல் வரலாற்றாய்வின் இன்றியமையாத முறைகளுள் ஒன்றாகும். எனினும், அவ்வாறு இடப்பெறும் பெயர்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. 'கைத்தொழிற் புரட்சி' என்னுந் தொடர் ஆங்கில வரலாற்றியலில் நிலைபெறுதற்கு ஆர்னல்ட் டொயின்பியின் விரிவுரைகள் பெரிதும் காரணமாயின. அவை 1884இல் நூலுருப் பெற்றபோது, அவர் விளக்க முற்பட்ட மாற்றங்கள் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. நிகழ்ந்தவற்றின் பொதுப்பண்பை உணர்ந்து பின்னோர் இட்ட பெயர் அது. இணைய வரலாற்றிலோ, காலம் பிறக்குமுன்பே அதன் பெயர் பிறந்துவிடுகின்றது. இத்தகைய பெயர்களுக்குப் பொருளுண்டா என்பது ஆராயத்தக்கது.

இவ்வகையில் முதலில் நோக்கத்தக்கது 'வெப் 2.0' என்பதாகும். திருத்தி வெளியிடப்படும் கணினி மென்பொருளுக்கு எண் கொடுக்கும் வழக்கத்திலிருந்து இப்பெயர் பெறப்பட்டது. 1999இல் டார்சி டினூச்சி தமது கட்டுரையொன்றில் இதனைக் கையாண்டார். கணினித் திரையுடன் அமையாது தொலைபேசி, தொலைக்காட்சி முதலான கருவிகளிலும் வலை பரவும் என்பதே அவர் கூறியதன் சாரம். அடுத்த ஆண்டிலேயே இணையக் கம்பனிகளின் பங்குவிலைகள் சரியத் தொடங்கின. 2000 மார்ச்சில் 5,000 புள்ளிகளைத் தாண்டிய நஸ்டாக் சுட்டெண் 2002 ஒக்டோபரில் ஏறத்தாழ 1,100 புள்ளிகளுக்கு இறங்கியது. இவ்வீழ்ச்சியின் பின், 2004 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற மாநாட்டின் பெயராக 'வெப் 2.0' மீண்டுந் தோன்றியது. இப்போது அது, பயனாளர் தாமே ஆக்கங்களை வழங்கிப் பங்குகொள்ளும் வலையைக் குறித்தது. நம்பிக்கையிழந்த முதலீட்டாளருக்குப் புதியதொரு தொடக்கத்தை அறிவிக்கும் பெயராகவும் அது பயன்பட்டமை தற்செயலன்று.

அது சுட்டிய பண்பு புதியதா? ரிம் பேர்ணர்ஸ்-லீ 1990இல் சேர்ண் ஆய்வுநிலையத்தில் உருவாக்கிய முதல் உலாவி, பக்கங்களைப் படிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் உரிய கருவியாகவே அமைந்தது. 1994இல் தோன்றிய ஜியோசிற்றீஸ், சாதாரண மக்கள் தமக்கெனப் பக்கங்களை அமைக்க இடமளித்தது. எவரும் திருத்தக்கூடிய 'விக்கி' முறையை வார்ட் கனிங்ஹாம் 1995இல் அறிமுகஞ் செய்தார். விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியது. எனவே, பங்கேற்பு என்பது பெயருக்கு முந்தியது. அதேவேளை, மாற்றம் எதுவும் நிகழவில்லை எனல் பொருந்தாது. விரைவான இணைப்புகள் பரவின. முழுப்பக்கத்தையும் மீளப் பெறாது அதன் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் நுட்பம் வழக்காறாயிற்று. 2004இல் பேஸ்புக்கும் 2005இல் யூரியூப்பும் தோன்றின. மாற்றம் மெய், அது ஒரு நாளில், ஒரு மாநாட்டில் நிகழ்ந்ததென்பதே புனைவு.

இப்பெயர் எதிர்காலத்தை மட்டுமன்றிக் கடந்தகாலத்தையும் மாற்றியமைத்தது. 'வெப் 2.0' வழக்கிற்கு வந்த பின்னரே அதற்கு முந்திய காலம் 'வெப் 1.0' எனப் பெயர்பெற்றது. அக்காலத்தில் வாழ்ந்தோர் எவரும் அதனை அவ்வாறு அழைத்திலர். அது வாசிப்போர் மட்டுமே இருந்த காலமெனச் சித்திரிக்கப்பட்டபோது, அன்று எழுதியோர் பார்வைக்கு மறைந்தனர். 2009 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவில் ஜியோசிற்றீஸ் மூடப்பட்டதுடன் அவர்கள் அமைத்த பல மில்லியன் பக்கங்களும் அகற்றப்பட்டன. ஆர்வலர் சிலர் விரைந்து படியெடுத்தமையால் ஒரு பகுதி எஞ்சியது. பெயர் மறைத்தவர்களின் சான்றுகளும் இவ்வாறு அழியுமாயின், பிற்கால ஆய்வாளருக்குப் பெயரே சான்றாகிவிடும்.

அடுத்து வந்த பெயரின் நிலை மேலும் தெளிவற்றது. 2006 நவம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் ஜோன் மார்க்கொஃப் 'வெப் 3.0' என்று குறித்தது, தகவலின் பொருளைக் கணினிகளும் உணரத்தக்க வலையையாகும். 2014இல் எதீரியத்தை நிறுவியோருள் ஒருவரான கேவின் வுட் அதே பெயரால் குறித்ததோ, நடுவண் நிறுவனங்களின் அதிகாரமின்றி இயங்கும் வலையையாகும். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு கருத்துகள் ஒரே எண்ணைப் பெற்றன.

பொருள் தெளிவற்றதாயினும் பெயர் வலிமையற்றதன்று. 1998-1999 காலப்பகுதியில் தமது பெயரை 'டொட் கொம்' முதலான இணையஞ்சார் பெயராக மாற்றிய 95 கம்பனிகளைக் கூப்பர், டிமித்ரோவ், ராவ் ஆகியோர் ஆராய்ந்தனர். அறிவிப்பை ஒட்டிய பத்து நாட்களில் அப்பங்குகள் சந்தையின் இயல்பான போக்கிலும் 74 வீதம் மேலதிகமாக உயர்ந்தமையை அவர்கள் கண்டனர். கம்பனிக்கு இணையத்தோடு எவ்வளவு தொடர்பிருந்தது என்பது இதனைப் பாதிக்கவில்லை. 2006இல் அயர்லாந்தின் இலாபநோக்கற்ற அமைப்பொன்று 'வெப் 2.0' என்ற பெயரில் கூட்டம் நடத்த முற்பட்டபோது, மாநாடுகளுக்கு அப்பெயரை வழங்கும் உரிமை தமதேயென மாநாட்டாளர் தரப்புச் சட்டத்தரணிகள் தடுத்தனர். கண்டனம் எழுந்த பின்னரே அவ்வமைப்புக்கு இடமளிக்கப்பட்டது. காலகட்டத்தின் பெயர் என உலகம் கருதியது, உரியோருக்கு வணிகச் சொத்தாகவும் இருந்தது.

ஆகவே, இப்பெயர்கள் பொருளற்றவை எனத் தள்ளுவதும் அவற்றை வரலாற்றின் படிநிலைகளாக ஏற்பதும் ஒருங்கே தவறாகும். அவை காலத்தை விளக்குவனவல்ல; பெயரிட்டோரின் தேவைகளையும் எதிர்பார்ப்புகளையும் விளக்குவன. யார், எப்போது, எதன்பொருட்டுப் பெயரிட்டனர் என்று வினவும்போதே அவை வரலாற்றுச் சான்றுகளாகின்றன. 'செயற்கை நுண்ணறிவு யுகம்' என்ற பெயர் முழங்கும் இந்நாளிலும் அவ்வினா கேட்கப்பட வேண்டியதே.