வாட்சின் பின்மூடியில் நம் வீட்டு வரலாறு



ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பழைய அலுமாரிகளைத் திறந்தால் பல வீடுகளில் ஒரு சீக்கோ 5 வாட்ச் இருக்கும். "இது ஓடாது" என்று கிடைத்த விலைக்கு அதைக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்கும் முன் ஒரு தடவை பின்மூடியைத் திருப்பிப் பார்ப்போம்.

ஜப்பானில் 1963இல் வெளிவந்த வாட்ச் வரிசை இது. பற்றரி கிடையாது, கை அசைய அசையத் தானே சாவி ஏறும். பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். கோடு போட்டுப் பிரித்த எண்ணில் முதல் நான்கு இலக்கம் உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். மற்றது தொடர் எண். அதன் முதல் இலக்கம் தயாரித்த வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது, மாதம். ஒக்டோபருக்குச் சுழியம், நவெம்பர், டிசெம்பருக்கு அவற்றின் ஆங்கில முதலெழுத்து.

உதாரணமாக, இயந்திர எண் 6309, தொடர் எண் 25 என்று தொடங்குகிறது என வைப்போம். 2 என்றால் 1972ஆ, 1982ஆ, 1992ஆ? 6309 இயந்திரம் 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் வந்தது. ஆகவே 1982 மே.

அடுத்து முகப்பின் அடியில் உள்ள பொடி எழுத்தை போன் கமராவால் பெரிதாக்கிப் பாருங்கள். அங்குள்ள முதல் நான்கு இலக்கமும் பின்மூடியோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் முகப்போ மூடியோ மாற்றப்பட்டிருக்கிறது. பழைய வாட்ச் வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

குமிழால் கிழமையை மாற்றிப் பாருங்கள். ஆங்கிலத்தோடு அரபியிலும் கிழமை வந்தால், அது அரபு நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது. சவூதியிலோ குவைத்திலோ துபாயிலோ உழைத்த ஒருவரின் கையோடு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்த இடத்தில்தான் வாட்ச் நம் வரலாற்றைத் தொடுகிறது. 1970 முதல் 1977 வரை நம் நாட்டில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது, வளைகுடாவுக்கு ஆட்கள் போவதும் பெருகியது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே அமைக்கப்பட்டது. ஆனால் போவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குக் குடியுரிமை வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்டத்து மக்களில் பலருக்கு அது இல்லை. 1988, 2003 சட்டங்கள் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. டவுனில் கடை வைத்திருந்த வீட்டுக்கு 80களில் வந்த வாட்ச், லயத்து வீட்டுக்கு இருபது வருடம் பிந்தி வந்திருந்தால், அந்த இடைவெளி உழைப்பில் உள்ளதல்ல, பத்திரத்தில் உள்ளது.

மூடியில் இருப்பது தயாரித்த மாதம்தான். வாங்கியது அதற்குப் பிறகு. யார், எங்கே, எந்தச் சம்பளத்தில் வாங்கினார் என்பதை மூடி சொல்லாது. வாப்பாவோ அப்பாவோ, உம்மாவோ அம்மாவோ இருக்கும்போதே நாம்தான் கேட்க வேண்டும்.

விற்பதும் வைப்பதும் அவரவர் விருப்பம். இரண்டு எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் கட்டியவரின் பெயரையும் போன நாட்டையும் எழுதி வைப்போம். நம் பிள்ளைகள் படிக்கும் வரலாற்றுப் புத்தகத்தில் இந்த வரி இருக்காது.