வாங்கியது யாருடையது? – கையடக்க விளையாட்டுக் கருவிகளும் ஒரு வினைச்சொல்லின் வரலாறும்

கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றில் எந்த விளையாட்டைத் தரவிறக்கிக்கொள்வது? கேட்பவர்க்கு இது ஓய்வுநேரக் கேள்வி. வரலாற்றில் வைத்துப் பார்த்தால் அத்தனை எளிதாக இதைத் தள்ளிவிட முடியாது. ஏறத்தாழ கால் நூற்றாண்டாக உலகின் பல நாடுகளில் கோடிக்கணக்கானோர் இக்கேள்வியை எதிர்கொண்டிருக்கிறார்கள். கேள்வி மாறவில்லை, அதற்குப் பின்னிருந்த கவலை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் எதை அழிப்பது என்று கவலைப்பட்டார்கள். பிறகு எதற்கு இடம் போதும் என்று. கடைசியில் எது எஞ்சும் என்று. இந்த மாற்றத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

இதன் முன்வரலாறு இணையக் கடைகளுக்கு முந்தியது. 1986-இல் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் தன் ஃபேமிகாம் என்னும் வீட்டுக் கருவிக்கு ஒரு வட்டுக் கருவியை வெளியிட்டது. கடைகளில் நிறுவப்பட்டிருந்த எழுதும் இயந்திரத்திடம் பழைய வட்டைக் கொடுத்து 500 யென் செலுத்தினால், அதிலிருந்த விளையாட்டு அழிந்து புதியது பதியும். 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் இதே எண்ணம் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கும் வந்தது. லாசன் என்னும் சில்லறைக் கடைகளின் இயந்திரங்கள் வழியாக, மீண்டும் மீண்டும் எழுதத்தக்க கார்ட்ரிட்ஜ் ஒன்றில் வேண்டிய விளையாட்டுகளைப் பதித்துக்கொள்ளலாம். 2007 பிப்ரவரி இறுதியோடு அச்சேவை நின்றது. இந்தக் காலத்தில் தேர்வு என்பதற்கு ஒரு தெளிவான விலை இருந்தது. இடம் நிரம்பிய கார்ட்ரிட்ஜில் புதியது வேண்டுமென்றால் பழையது போக வேண்டும். பனையோலையில் எழுதியதைப் படியெடுக்காமல் விட்டால் ஏடு செல்லரித்துப் போகும் என்பதை அறிந்த நமக்கு இந்த நிலை அந்நியமானதன்று.

இணையம் வழியாகக் கையடக்கக் கருவிக்கே நேரடியாக விற்கும் முறையை நிண்டெண்டோ 2008 நவம்பரில் ஜப்பானில் வெளியான டிஎஸ்ஐ கருவியோடு தொடங்கியது. அமெரிக்காவுக்கு அது 2009 ஏப்ரலில் வந்தது. அந்தக் கடையில் நாணயம் இல்லை, புள்ளிகள் இருந்தன. அமெரிக்காவில் 100 புள்ளிகளுக்கு ஒரு டாலர். சிறிய விளையாட்டுகள் 200, 500, 800 புள்ளிகள் என்ற படிநிலைகளில் விற்றன. கருவியின் உள்நினைவகத்தில் பயனருக்குக் கிடைத்த இடம் 1024 ‘கட்டங்கள்’. கட்டம் ஒன்று 128 கிலோபைட் என்பதால் மொத்தம் 128 மெகாபைட்தான். நிரம்பினால் எஸ்டி அட்டைக்கு மாற்றி வைக்கலாம். ஆயினும் அங்கிருந்தபடியே இயக்க முடியாது, ஆடுவதற்கு மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். பெரும்பாலான விளையாட்டுகளை ஆடிப் பார்த்துவிட்டு வாங்க வழியில்லை. ஆகவே ஒருவர் சொல்லி மற்றொருவர் வாங்கும் வாய்மொழி மரபே அங்குத் தரநிர்ணயம் செய்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். டிஎஸ்ஐயில் வாங்கிய விளையாட்டு வாங்கியவரின் பெயரோடு இணைக்கப்படவில்லை, கருவியோடு இணைக்கப்பட்டது. கார்ட்ரிட்ஜ் காலத்தில் கருவி பழுதானாலும் கார்ட்ரிட்ஜ் கையில் இருந்தது. நண்பனுக்கு இரவல் தரலாம். தம்பிக்கு விட்டுக் கொடுக்கலாம். பழைய பொருள் கடையில் விற்கலாம். புதிய முறையில் இம்மூன்று வினைகளும் ஓசையின்றி நீங்கின. விலை குறைந்தது என்ற மகிழ்ச்சியில் இதைப் பலர் பொருட்படுத்தவில்லை.

சோனி நிறுவனம் இவ்வழியில் ஓர் எட்டு கூடுதலாகவே வைத்தது. 2009 அக்டோபரில் வெளியான பிஎஸ்பி கோ கருவியில் வட்டு செருகும் இடமே கிடையாது. 16 ஜிகாபைட் உள்நினைவகம் இருந்தது. தரவிறக்கம் ஒன்றே வழி. பிஎஸ்பியின் சிறு வட்டுகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அவற்றைப் புதிய கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வழி தரப்படவில்லை. அலமாரி நிறைய விளையாட்டு வைத்திருந்தவர் புதிய கருவியின் முன் வெறுங்கையோடு நின்றார். 2011 ஏப்ரலில் அக்கருவியின் உற்பத்தி நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. மக்கள் தரவிறக்கத்தை வெறுத்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள இயலாது. ஏனெனில் அடுத்து வந்த கருவிகளில் அதுவே செழித்தது. ஏற்கெனவே உள்ள உடைமையைச் செல்லாக்காசாக்கும் மாற்றத்தைத்தான் அவர்கள் ஏற்கவில்லை என்று கருதுகிறேன்.

2011 பிப்ரவரியில் ஜப்பானில் நிண்டெண்டோ 3டிஎஸ் வெளியானது. ஈஷாப் என்ற அதன் இணையக் கடை அவ்வாண்டு ஜூனில் திறந்தது. விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. ஓராண்டு கூட ஆகாத நிலையில், 2011 ஆகஸ்டில் அமெரிக்காவில் அதன் விலை 249.99 டாலரிலிருந்து 169.99 டாலராகக் குறைக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் சதோரு இவாட்டா தம் ஊதியத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். முன்னரே முழு விலை கொடுத்தவர்களுக்கு ஈடாக 20 பழைய விளையாட்டுகள் இலவசமாக அளிக்கப்பட்டன. பத்து பழைய வீட்டுக் கருவிக்குரியவை, பத்து கேம் பாய் அட்வான்ஸுக்குரியவை. பின்னவை பத்தும் 3டிஎஸ் கடையில் பொதுவிற்பனைக்கு வரவே இல்லை. அவ்வாண்டே செப்டம்பர் இறுதியில் செல்டா வரிசையின் ‘ஃபோர் ஸ்வோர்ட்ஸ்’ விளையாட்டின் சிறப்புப் பதிப்பு இலவசமாகத் தரப்பட்டு, 2012 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. 2014 ஜனவரி இறுதியில் சில நாள்கள் மட்டும் மறுபடி தலைகாட்டி மறைந்தது. ஒரு படைப்பைப் பெறுவது பணத்தைப் பொறுத்ததாக இல்லாமல், குறித்த நாளில் குறித்த இடத்தில் இருந்ததைப் பொறுத்ததாகிவிட்டது. திருவிழாப் பந்தியைப் போல: வந்தவர்க்கு இலை, வராதவர்க்கு இல்லை.

இக்கடைகளில் இருந்தவை எல்லாம் உதிரிச் சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது. கார்ட்ரிட்ஜ் அச்சிட்டு, பெட்டியிட்டு, கப்பலேற்றி விற்கும் செலவைத் தாங்காத சிறு படைப்புகளுக்கு இணையக் கடை புதிய வாசலைத் திறந்தது. நாவல் எழுதும் வாய்ப்பு மட்டுமே இருந்த துறையில் சிறுகதைக்கும் இடம் கிடைத்ததைப் போன்றது இது. லெவல்-5 நிறுவனத்தின் ‘கில்ட்’ வரிசை நல்ல எடுத்துக்காட்டு. அறியப்பட்ட படைப்பாளர்களிடம் சிறு விளையாட்டுகளைக் கேட்டுப் பெற்ற தொகுப்பு அது. யாசுமி மட்சுனோவின் ‘கிரிம்சன் ஷ்ரவுட்’ அதில் ஒன்று. ஜப்பானில் 2012-இல் அது ஒரு கார்ட்ரிட்ஜ் தொகுப்பின் பகுதியாக வந்தது. பிற நாடுகளில் தரவிறக்கமாக மட்டுமே கிடைத்தது. 2013-இல் வந்த ‘அட்டாக் ஆஃப் தி ஃப்ரைடே மான்ஸ்டர்ஸ்’ 1970-களின் டோக்கியோ புறநகர் ஒன்றில் சலவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துச் சிறுவனின் ஒரு நாளைச் சொல்கிறது. தொலைக்காட்சி அரக்கர்களுக்கும் நிஜ ஊருக்கும் இடையிலான கோடு அச்சிறுவனுக்குத் தெளிவாக இல்லை. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் இவ்விளையாட்டு, தரவிறக்கக் கடை இல்லாதிருந்தால் கடல் கடந்திருக்குமா என்பது ஐயமே. ‘புஷ்மோ’ போன்ற புதிர்களும் அக்கடையின் மண்ணில் முளைத்தவைதாம்.

இந்தக் காலத்துத் தேர்வை நினைவகத்தின் விலையும் நெறிப்படுத்தியது. 3டிஎஸ் கருவியோடு வந்தது 2 ஜிகாபைட் எஸ்டி அட்டை. போதாதபோது சந்தையில் கிடைக்கும் எந்த அட்டையையும் வாங்கிப் போடலாம். சோனியின் விட்டா கருவிக்கோ அந்நிறுவனமே தயாரித்த தனி அட்டைதான் பொருந்தும். வெளியீட்டின்போது அமெரிக்காவில் 32 ஜிகாபைட் அட்டையின் விலை 99.99 டாலர். விளையாட்டின் விலையைக் கணக்கிடுபவர் அது அடைத்துக்கொள்ளும் இடத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒரு சொல்லிடம் சற்று நிற்க விரும்புகிறேன். தமிழில் ‘வாங்கு’ என்பது ஒரு பொருளை விலை கொடுத்துச் சொந்தமாக்குவதை மட்டும் குறிப்பதில்லை. கடன் வாங்குகிறோம், இரவல் வாங்குகிறோம், அடி வாங்குகிறோம், மூச்சு வாங்குகிறது. பழந்தமிழில் வளைத்தல், இழுத்தல் என்ற பொருள்களிலும் இச்சொல் வழங்கியது, வில்லை வாங்கினார்கள். பொருள் நம்மை வந்தடைவதைத்தான் இவ்வினை சொல்கிறது. அது நம்முடையதாகிவிட்டதா என்பதை ‘விலைக்கு’, ‘கடனாக’, ‘இரவலாக’ என்னும் அடைகள்தாம் தீர்மானிக்கின்றன. இணையக் கடையின் பொத்தான் இந்த அடையைச் சொல்லாமல் விட்டது. படித்தவர் ‘விலைக்கு’ என்று தாமே நிரப்பிக்கொண்டார். கடையின் விதிமுறைகளோ, பயனர் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்றன. உரிமைக்கும் உரிமத்துக்கும் வேறுபாடு ஒரே ஓர் உயிர்மெய்யளவுதான். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு கடை முழுவதும் மறைந்து போகலாம்.

மறையவும் செய்தது. 2017 மார்ச் 31 அன்று டிஎஸ்ஐ கடை மூடப்பட்டது. 2021 மார்ச்சில் சோனி, பிஎஸ்பி, பிளேஸ்டேஷன் 3, விட்டா ஆகிய மூன்றன் கடைகளையும் மூடப்போவதாக அறிவித்தது. எழுந்த எதிர்ப்பைக் கண்டு, அடுத்த மாதமே பின்னிரண்டையும் திறந்து வைப்பதாக மாற்றிச் சொன்னது. பயனர் குரலுக்கு ஒரு பெருநிறுவனம் செவிசாய்த்த அரிய நிகழ்வு இது. 2022 பிப்ரவரியில் நிண்டெண்டோ 3டிஎஸ் கடைக்கு நாள் குறித்தது. அவ்வாண்டு மே மாதத்தோடு கடன் அட்டையால் பணம் சேர்க்கும் வழி அடைபட்டது. ஆகஸ்டோடு கடையின் முன்பண அட்டைகள் நின்றன. 2023 மார்ச் 27-இல் விற்பனை முற்றிலும் முடிந்தது. 2024 ஏப்ரலில் இணைய ஆட்டமும் நின்றது. முன்பு வாங்கியவற்றை மறுபடி இறக்கிக்கொள்ளும் வசதியை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அந்த ஓராண்டுக் கால அவகாசத்தில் தேர்வின் இயல்பே மாறியது. எது சுவையானது என்று கேட்டவர்கள், எது வேறெங்கும் கிடைக்காது என்று கேட்கத் தொடங்கினார்கள். கார்ட்ரிட்ஜில் வெளிவந்தவை பட்டியலின் அடிக்குப் போயின. வேறு கருவிகளுக்கு மறுபதிப்பாகிவிட்டவையும் அப்படியே. தரவிறக்கமாக மட்டும் பிறந்தவை தலைக்கு வந்தன. பெட்டியில் விற்ற விளையாட்டுகளுக்குப் பின்னாளில் தந்த கூடுதல் அத்தியாயங்களையும் திருத்தங்களையும் தேடிச் சேர்த்தார்கள். கார்ட்ரிட்ஜ் கையில் இருந்தாலும் அவை அதில் இல்லை அல்லவா? வெள்ளம் வரும் ஊரில் எதைத் தூக்கிக்கொண்டு மேடேறுவது என்று முடிவு செய்வதற்கு ஒப்பான வேலை இது. பெயரில்லாத பல்லாயிரம் பயனர்கள், தாம் அறியாமலே, ஆவணக் காப்பாளர்களாக ஆனார்கள்.

இப்பணியைச் செய்ய வேண்டிய நிறுவனங்கள் எங்கே என்ற கேள்வி எழும். ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000-ஆம் ஆண்டு முதல் வட்டு, கார்ட்ரிட்ஜ் போன்ற பொருள்வடிவ மின்னணு வெளியீடுகளையும் சட்டப்படி பெறுகிறது. பொருளே இல்லாத வெளியீடு அந்த வலையில் சிக்குவதில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று காட்டியது. விற்பனையில் இல்லாதவற்றை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து நூலகங்கள் வழியாக அணுக விதிவிலக்கு கேட்கப்பட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அதை ஏற்கவில்லை. நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் உண்டு. அதன்படி அச்சாகும் நூல்கள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா முதலிய பொது நூலகங்களுக்கும் வந்து சேர வேண்டும். அச்சட்டம் நூலையும் நாளிதழையும் அறியும், விளையாட்டை அறியாது. இந்திய நிரலாளர்கள் எழுதும் கைபேசி விளையாட்டுகளுக்கும் இதே நிலைதான். எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை; அதை இன்றுவரை விரிக்காததைப் பற்றிப் பேசலாம்.

சொல்லளவில் ஒரு திருத்தம் நிகழ்ந்துள்ளது. 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம் ஒன்று, மின்னணுப் பொருளை விற்பவர் தாம் தருவது உரிமம்தான் என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் ‘வாங்கு’ என்ற பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஒரு வினைச்சொல்லுக்காகச் சட்டமன்றம் கூடியது மொழி மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயினும் பெயரைத் திருத்தியதால் பொருள் காப்பாற்றப்பட்டுவிடாது.

ஆகவே, கையில் பழைய கருவி ஒன்று இருந்து, அதன் கடை இன்னும் திறந்திருந்தால், புகழ்பெற்றதை முதலில் எடுக்க வேண்டாம். புகழ்பெற்றவை எப்படியும் மறுபதிப்பாகும். பெட்டியில் வராததை, பிற கருவிக்கு மாறாததை, அதற்கென்றே எழுதப்பட்ட சிறியதை முதலில் எடுங்கள். கடை மூடிய கருவி என்றால், முன்பு வாங்கியவற்றை மறுபடி இறக்கும் வழி உள்ளபோதே இறக்கி வையுங்கள். பிறகு அதை ஆடியும் பாருங்கள். என்ன இருந்தது, எப்படி இருந்தது என்று தமிழில் நாலு வரி எழுதியும் வையுங்கள். படைப்பே அழிந்த பின்பும் உரையாசிரியர் சொன்ன ஒரு குறிப்பால் மட்டும் பெயர் நிலைத்த நூல்கள் நம் மொழியில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.